கோபுரம் ஏறும் பிள்ளை யாருடைய ஆள்?

(சீத்தா கேம்ப் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1976-இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே இறக்கப்பட்டவர்கள் நாம். நம் பிள்ளைகள் இன்று அலைபேசிக் கோபுரத்தில் ஏறி வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு முதலாளி யார்? அதைத்தான் பேச வந்தேன்.

2004-இல் பார்தி ஏர்டெல் தன் வலைப்பின்னலை நடத்தும் வேலையை எரிக்சன், நோக்கியா போன்ற அந்நியக் கம்பெனிகளிடம் விட்டது. கணினி வேலை ஐ.பி.எம்.முக்குப் போயிற்று. கருவிக்கு முன்பணம் கொட்டாமல், ஓடுகிற பேச்சுக்குத் தக்கபடி கட்டணம். 2ஜி, 3ஜி என்று மாறும்போதெல்லாம் போட்ட முதல் முழுகிவிடுமோ என்று கலங்கும் பங்குதாரருக்கு அது ஆறுதல். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

நம் பம்பாயின் மகாநகர் டெலிபோன் நிகாம் கதை வேறு. 2010-இல் ஏலம் கேட்டவர்கள் தனியார்; அவர்கள் ஏற்றிவிட்ட விலையை இதுவும் கட்டவேண்டியதாயிற்று. டெல்லி, பம்பாய் இரண்டுக்குமாக ஏறத்தாழ 11,000 கோடி ரூபாய்! கடன் கழுத்தை நெரித்தது. 2020 ஜனவரியில் 14,000-க்கு மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். விருப்பமாம்! 2025 ஜனவரி முதல் நடத்தும் பொறுப்பே பி.எஸ்.என்.எல்.லிடம் போய்விட்டது.

வேலை இப்படிக் கைமாறக் கைமாற, நடுவில் ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர். கூலி நின்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளியே தரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டமே எழுதிவைத்தது. ஆனால் அந்த முதலாளி யார் என்று காட்டத் தாள் வேண்டுமே!

எந்தக் கம்பெனியின் கோபுரம், எந்த ஒப்பந்தக்காரர், வைப்புநிதி எண் என்ன? வேலையில் சேரும் அன்றே எழுதி வாங்குங்கள். ஒரு நகலை நம் சங்கத்தில் கொடுத்து வையுங்கள்.