குரங்குகளுக்கும் ஒரு பாலம்



வனவிலங்குப் பாதுகாப்பு என்றதும், அஃது அரசாங்கத்தின் வேலை என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். பினாங்கில் நிகழ்ந்த ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றவல்லது.

தீவின் வடமேற்கே உள்ள தெலுக் பாஹாங்கில், மலைக்காட்டுக்கும் கடலோரக் காட்டுக்கும் நடுவே சாலை ஓடுகிறது. கண்ணைச் சுற்றி வெண்வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றின் குட்டிகள் பொன்னிறமாயிருக்கும். தளிரும் காயும் தின்று மரத்திலேயே வாழும் அவை, கிளைகளின் தொடர்பு அற்றுப்போன இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடக்கலாயின. வண்டிகளில் அடிபட்டு மாண்டவையும் உண்டு.

யாப் ஜோ லீன் என்னும் ஆய்வாளர் 2016-ஆம் ஆண்டில் லோத்தோங் ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கினார். பொதுமக்கள் தொண்டர்களாகச் சேர்ந்தனர். எக்கூட்டம் எவ்விடத்தில் கடக்கிறது என்பதைப் பொறுமையாகக் குறித்தனர். 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் பாலம் கட்டினர். பின்னர் ஒற்றைக் கயிறு இரட்டை முறுக்காக மாற்றப்பட்டது. அணில், நீள்வாற் குரங்கு, லோத்தோங் ஆகிய மூன்றும் அதன் மீது சென்றமை கேமராவில் பதிவாகியுள்ளது.

2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் கொடிமலை வட்டாரத்தில் 12,481 ஹெக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. பெருமைதான். ஆயினும், குரங்குகள் சாலையைக் கடக்கும் இடம் எதுவென்று வரைபடம் சொல்லாது. அங்கு வாழ்பவரே சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் அவ்வறிவு விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் உங்களிடமே உள்ளது. மறுநடவின்போது பழைய மரங்கள் ஒருசேர வீழ்த்தப்படும். ஆற்றோர மரங்களையும் காட்டை ஒட்டிய வரிசையையும் விட்டுவைக்கலாகுமா என்று நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெட்டிய பின் கேட்டுப் பயனில்லை.

வாழைத்தாரைக் குரங்கு பறிப்பதும், மரவள்ளியைப் பன்றி கிளறுவதும் மெய்யே. வியர்வை சிந்தி வளர்த்ததை இழப்பவர்க்கு உபதேசம் கசக்கும். நாமும் அதனை அறிவோம். எனினும், 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைத்தல் குற்றமாகும். பன்றிக்கு வைத்த கண்ணியில் எது சிக்குமென்று வைத்தவருக்கே தெரியாது. தொல்லை மிகுந்தால் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவிடம் முறையிடுங்கள்.

பெரட்டுக் களத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கண்ட விலங்கு, இடம், நேரம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் உறங்குபவனும் இத்தகைய வேலைக்கு முதலில் ஓடிவருவான் என்பது ஆசிரியர் பயிற்சி பெற்ற நாம் கண்ட உண்மை. அடுத்த மறுநடவுக்கு ஓராண்டு முன்பே அப்புத்தகம் நிர்வாகியின் மேசையில் இருக்கட்டும்.