கல்லின் கோடும் தையலின் மடிப்பும்

தில்லைத் திருக்கோயிலையொட்டி 1981ஆம் ஆண்டு தொடங்கிய நாட்டியாஞ்சலி விழாவில் ஆடும் நங்கையரைக் காண்போர், அவர்தம் விசிறிமடிப்பு உடையும் கோபுரச் சிற்பங்களைப் போன்றே தொன்மையானது எனக் கருதுவதுண்டு. உண்மை வேறு. அத்தையல் உடைக்கு இன்னும் நூறாண்டு நிறையவில்லை. கலை இயக்கம் உடை வடிவமைப்போரை எங்ஙனம் தூண்டுகிறது என்பதற்கு அதுவே நம் அண்டைச் சான்று.

பாரிசில் 1910இல் அரங்கேறிய 'ஷெஹரசாத்' பாலேவுக்கு ஓவியர் பாக்ஸ்ட் அமைத்த உடைகள், அந்நகர மகளிரின் ஆடையையே மாற்றின. அந்த உருசிய பாலே குழுவில் 1909இல் ஆடியவர் அன்னா பாவ்லோவா. தம் நாட்டு ஆடலை நாடுமாறு ருக்மிணி தேவிக்கு அறிவுறுத்தியவரும் அவரே. ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1935 இறுதியில் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார்.

உடையமைப்பில் அவர் கோயிற் சிற்பங்களை நோக்கினார். தில்லையின் கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் 108 கரணங்கள் உள்ளன. அக்கல்லில் தையல் இல்லை. உறுப்புகளின் கோடு மட்டும் தெளிவாக உள்ளது. சேலையின் கொசுவக் குவியலோ அரைமண்டியின் வடிவை மறைத்தது. எனவே புடவை வெட்டித் தைக்கப்பட்டது. இத்தாலியரான கசான் அம்மையார் அதற்குத் துணைநின்றார். முழங்கால் விரிய மடிப்பும் விரியும். சிற்பம் உடையைத் தரவில்லை, பார்வையைத் தந்தது.

தமிழ் மரபு இதனை நன்கறியும். வழிநூல் என்பது படியன்று. முதனூலின் கருத்தை ஏற்று, வேண்டிய வேறுபாட்டையும் கொள்வது. ஆயின் வழிநூல் முதனூலுக்குக் கடன்பட்டது. இவ்வுடைக்கு முதனூல் இரண்டு. ஒன்று கல், மற்றொன்று, தலைமுறை தலைமுறையாகச் சதிராடிய மகளிர் அணிந்த சேலை. கல்லின் பெயர் மேடைதோறும் ஒலிக்கிறது. அம்மகளிரின் பெயரோ 'தூய்மைப்படுத்தல்' என்னும் சொல்லின் அடியில் புதைந்தது. அவர்தம் மரபில் வந்த பாலசரசுவதி (1918–1984) சேலையிலேயே ஆடி உலகப் புகழ் எய்தினார். பழைய உடை கலைக்குத் தடையன்று என்பதற்கு அவ்வாழ்வே விடை.

புதியது படைப்போர் வெட்டாமல் தைக்க இயலாது. வெட்டிய துணி யாருடையது என்று சொல்வதே படைப்பின் அறம். கல்லுக்குச் செலுத்தும் வணக்கத்தை அம்மகளிர்க்கும் செலுத்தும் நாளில்தான் தில்லை மேடையின் அவ்வுடை முழுமை பெறும்.