6174: ஒரு பள்ளி ஆசிரியரின் எண்



தலைமை உரை நீண்டால்தான் மதிப்பு என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரேயொரு எண்ணைப் பற்றிப் பேசிவிட்டு அமர்கிறேன்.

கண்டிக்கு ரயில் வந்த ஆண்டு 1867. இந்தக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறித்தான் வந்தது. அந்த இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதினால் 8761, ஏறுவரிசையில் 1678. கழித்தால் 7083. அதையும் அப்படியே செய்யுங்கள்: 8730இலிருந்து 0378 போக 8352. இன்னொரு தடவை: 8532இலிருந்து 2358 போக 6174. இதற்கு மேல் நகர வழியில்லை. 7641இலிருந்து 1467 போனாலும் அதே 6174தான். இங்கே ரயில் நூதனசாலை திறந்த 2014ஐ எடுத்தால் வழி சற்று நீளம்: 4086, 8172, 7443, 3996, 6264, 4176, கடைசியில் 6174. ஏழு படிகள். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணும் ஏழு படிக்குள் 6174இல் வந்து சேரும். இடையில் மூன்று இலக்க விடை வந்தால் முன்னால் ஒரு பூச்சியம் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். முதுகலைப் பட்டம் கிடையாது. 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பிறகுதான் வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பம்பாய்ப் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில் உதித்த யோசனை என்பதால், வேறொரு வகை எண்களுக்கு அந்த நிலையத்தின் பெயரைச் சூட்டி ‘டெம்லோ எண்கள்’ என்றவரும் இவரே. ரயில் ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

இதெல்லாம் வெறும் இலக்க விளையாட்டு என்று ஒதுக்குவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இத்தகைய வேடிக்கைகள் புதிர்ப் பத்திகளுக்கே பொருந்தும் என்று 1940இலேயே எழுதியவர் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி. பத்தடிமானத்தை மாற்றினால் 6174இன் மவுசு போய்விடும். அதுவரை அவர் கட்சி சரி. ஆனால் நிறுவலைப் பாருங்கள். மிகப் பெரிய இலக்கத்துக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை 999ஆல் பெருக்குங்கள். நடு இரண்டின் வித்தியாசத்தை 90ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கழித்தலின் விடை அதுதான். முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது முதலாவதை மிஞ்சாது. ஆகவே முதற்படியில் வரக்கூடிய விடைகள் மொத்தமே 54. பத்தாம் தர மாணவி ஒருத்தி கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்தால் ஒரு பின்னேரத்தில் அத்தனையையும் சரிபார்த்துவிடுவாள். 8991 எண்களை 54 ஆகச் சுருக்குவது கணிதம் இல்லையென்றால், வேறு எதைக் கணிதம் என்பது?

மூன்று இலக்கத்தில் எல்லாம் 495க்கு வந்து சேரும். ஐந்துக்குப் போனால் கதை மாறுகிறது. 53955 செய்தால் 59994. 59994 செய்தால் மறுபடியும் 53955. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இதுபோல் இன்னும் இரண்டு சுற்றுகள் உண்டு. ஓரிடத்தில் நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை. முதல் அமர்வின் கட்டுரை இந்த ஐந்து இலக்கத்தில்தான் தொடங்குகிறது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். யாராவது கரும்பலகையை அழித்துக் கொடுங்கள்; அவருக்கு அது முழுதும் தேவைப்படும்.