கடலின் மேகமும் கண்டங்களின் குளிரும்

மார்கழி மாதம். தஞ்சாவூரில் சம்பா நெல் கதிர் முற்றி நிற்கிறது. பஞ்சாபில் கோதுமை பச்சைப் பசேலென்று வளர்கிறது. இரண்டு ஊர் விவசாயிகளும் வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு மழை வரக்கூடாது. இன்னொருவருக்கு மழை வரவேண்டும்.

இன்று மழை வருமா என்று காற்றையும் மேகத்தையும் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு வாரம் கழித்து வருமா? அதைச் சொல்ல உள்ளூர் வானம் மட்டும் போதாது. தெற்கே, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே உள்ள மேகத்தையும் பார்க்க வேண்டும்.

பூமியின் நடுவில் கிழக்கு மேற்காக ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அதுதான் நிலநடுக்கோடு. அந்தப் பகுதியில் கடல் நீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே சில சமயம் பெரிய மேகக் கூட்டம் ஒன்று எழுகிறது. அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. மழையைக் கொட்டிக்கொண்டே கிழக்கு நோக்கி நகர்கிறது. வேகம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். சைக்கிளில் போகும் வேகம்தான். இந்தோனேசியாவைத் தாண்டிப் பசிபிக் பெருங்கடலுக்குப் போகிறது. அங்கே நீர் குளிர்ந்த இடத்தை அடைந்ததும் கலைந்துவிடுகிறது. அதன் பின்னால் மழையில்லாத வறண்ட வானம் வருகிறது. பிறகு மீண்டும் மேகம் எழுகிறது. இந்தச் சுற்றுக்கு 30 முதல் 60 நாள் ஆகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள். பசிபிக் கடலில் கான்டன் என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. அங்கே பலூன் விட்டுக் காற்றை அளந்தார்கள். பத்தாண்டுக் கணக்கை இருவரும் ஆராய்ந்தார்கள். காற்று 40, 50 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதைக் கண்டார்கள். 1971இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் பெயராலேயே அது 'மேடன்-ஜூலியன் அலைவு' எனப்படுகிறது. அலைவு என்றால் ஊஞ்சல்போல் போய்ப் போய் வருவது.

சரி, கடல் மேகத்துக்கும் தூரத்து நாட்டுக் குளிருக்கும் என்ன உறவு?

இட்லிப் பானையை நினைத்துப் பாருங்கள். கொதிநீர் கையில் பட்டால் சுடும். ஆவி பட்டால் இன்னும் கடுமையாகச் சுடும். ஏன்? நீர் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆவி மறுபடி நீராகும்போது அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. மேகத்திலும் இதுதான் நடக்கிறது. ஆவி மழைத்துளியாகும்போது ஏராளமான வெப்பம் வெளிவருகிறது. காற்று சூடாகி மேலே ஏறுகிறது. வெகு உயரத்தில் அதற்குமேல் ஏற முடியாமல் நாலாபக்கமும் பரவுகிறது.

அந்த உயரத்தில் வடக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. பனிக்காலத்தில் அது வட இந்தியாவுக்கு மேலே, சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் பாய்கிறது. வேகம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல் போவதுண்டு. மேற்கிலிருந்து கிழக்காக உலகையே சுற்றி வருகிறது. ஓடும் வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டால் என்ன ஆகும்? நீர் வளைந்து ஓடும். அதுபோல, மேகத்திலிருந்து பரவும் காற்று இந்தக் காற்றாற்றை வளைக்கிறது. அந்த வளைவு அலைபோலத் தொலைவுக்குப் பரவுகிறது. காற்றாறு தெற்கே வளைந்த இடத்தில் வடக்கத்திக் குளிர் இறங்குகிறது. வடக்கே வளைந்த இடத்தில் குளிர் தணிகிறது.

இந்தியப் பெருங்கடலில் மேகம் கூடினால், சுமார் பத்து நாளில் அட்லாண்டிக் கடலில் மேற்குக் காற்று பலமாக வீசும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது வட ஐரோப்பாவில் குளிர் குறைகிறது, மழை கூடுகிறது. மேகம் மேற்குப் பசிபிக் கடலுக்குப் போய்விட்டால் நிலைமை தலைகீழாக மாறக்கூடும்.

இந்த உறவு ஒருவழிப் பாதை அல்ல. சைபீரியாவின் குளிர்காற்று சில சமயம் தெற்கே தென்சீனக் கடல்வரை பாய்கிறது. அங்கே ஈரத்தை வாரிக்கொண்டு, மலேசியாவிலும் போர்னியோவிலும் பெருமழையைக் கொட்ட வைக்கிறது.

நமக்கு இதனால் என்ன? ஐப்பசி, கார்த்திகையில் மேகக் கூட்டம் இந்தியப் பெருங்கடலில் இருந்தால், தமிழ்நாட்டில் மழை வலுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அது கிழக்கே போய்விட்டால் குறைகிறது. பஞ்சாப் கோதுமைக்கு வேண்டிய குளிர்கால மழை மேற்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிறது. அதைக் கொண்டு வருவதும் உயரத்துக் காற்றாறுதான்.

இப்போது செயற்கைக்கோள்கள் மேகக் கூட்டத்தைத் தினமும் பார்க்கின்றன. உயர்ந்த மேகத்தின் உச்சி மிகவும் குளிர்ந்திருக்கும். அங்கிருந்து விண்வெளிக்குப் போகும் வெப்பம் குறைவு. அதை அளந்தே மேகம் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்கிறார்கள். இந்திய வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரத்துக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதில் இந்த அலைவின் நிலையும் சொல்லப்படுகிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்த அலைவு கடிகாரம்போல் நடப்பதில்லை. சில சமயம் வலுவிழக்கும், சில சமயம் நின்றுவிடும். அதனால்தான் அறிவிப்பில் 'வாய்ப்பு' என்ற சொல் வருகிறது. மழை வரும் என்ற உறுதி அல்ல அது. தயாராக இருங்கள் என்ற எச்சரிக்கை.

இரண்டு வாரம் முன்பே தெரிந்தால் அறுப்பு ஆட்களுக்குச் சொல்லிவைக்கலாம். களத்து நெல்லை மூடத் தார்ப்பாய் தேடலாம். உரம் போடுவதைத் தள்ளி வைக்கலாம். உழைத்த உழைப்பு வீணாகாது.

வியாழக்கிழமை அறிவிப்பை வாசித்துப் பாருங்கள். பக்கத்து வயல்காரருக்கும் வாசித்துச் சொல்லுங்கள்.