பலகாரத் தட்டு

(தோட்ட மாதர் சங்கத்தின் தீபாவளிக்கு முந்திய கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தீபாவளிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இந்த நேரத்தில் நலன்புரிப் பகுதிக்காரர் பேச வந்தால் சிக்கனம், சேமிப்பு, குடி குடியைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பின் வரிசையில் இரண்டு பேர் இப்போதே சிரிக்கிறீர்கள். அதெல்லாம் தேவையான பேச்சுத்தான். ஆனால் இன்றைக்கு நாங்கள் பேச வந்தது பலகாரத்தைப் பற்றி.

நாற்பது வயதைத் தாண்டினவர்களுக்குத் தீபாவளி என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது உலக்கைச் சத்தம்தான். ஐப்பசி மாதம் நம்ம பக்கத்தில் வெயிலைப் பார்க்க முடியாது. காலையில் பனிமூட்டம், மத்தியானத்துக்குப் பிறகு மழை. ஊறப்போட்ட பச்சரிசியை வெள்ளைத் துணியில் காம்பராவுக்குள்ளேயே பரப்பி வைப்பார்கள். கொழுந்து மலையிலிருந்து வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, அதற்குப் பிறகுதான் இடிப்பு. இஸ்தோப்பில் உரலைப் போட்டு இரண்டு பேர் மாறி மாறிக் குத்துவார்கள். ஒரு உலக்கை மேலே போகும்போது மற்றது கீழே வரும். பத்துக் காம்பரா லயத்தில் மூன்று உரல் ஒரே நேரத்தில் இடிபட்டால் சுவரே அதிரும். யாரும் தூங்க முடியாது, தூங்கவும் மாட்டோம்.

முறுக்கு உரல் எல்லா வீட்டிலும் இருக்கவில்லை. ஒரு லயத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எங்கள் லயத்தில் இருந்தது மரத்தில் செய்தது. தாத்தாமார் இந்தியாவிலிருந்து வரும்போது மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது என்று சொல்லுவாங்க. அந்த உரலுக்கு முறை இருந்தது. இன்றைக்கு ராத்திரி இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு. உரலோடு கூடவே அந்த வீட்டுக்காரம்மாவும் பிழிய வந்துவிடும். இப்படி ஒரு வீட்டுப் பலகாரத்தில் நாலு வீட்டுக் கை இருக்கும்.

சட்டி வைப்பதற்கு முன்னே அடுப்பு ஓரத்தில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்பார்கள். முதல் முறுக்கு அவருக்கு. சுடும்போது வெளியாள் வந்து நின்றால் கண்பட்டு எண்ணெய் குடிக்கும் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். முன்னோருக்குப் படைக்கும் வரைக்கும் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது. உடைந்த துண்டு மட்டும் கணக்கில் இல்லை. அதனால் எத்தனை முறுக்கு ‘தானாக’ உடைந்தது என்பது அந்தந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த நம்ம பாட்டிமாருக்குத் தெரிந்தது அரிசி முறுக்கு. தோட்டத்தில் ரேசனுக்குக் கிடைத்தது கோதுமை மா. ரொட்டி நமக்குச் சாப்பாடானது அப்படித்தான். முறுக்கும் அந்த மாவுக்கு ஏற்ற மாதிரி மாறியது. கோதுமை மாவைப் பச்சையாகப் பிசைந்தால் முறுக்கு இழுவையாகி விடும். அதைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு கட்டிகளை உடைத்து, சலித்து எடுக்க வேண்டும். நாலு பங்கு அவித்த மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மா. கொஞ்சம் எள்ளு, ஓமம், உப்பு. சுடுதண்ணியோடு தேங்காய்ப் பாலும் விட்டுப் பிசைந்தால் வாயில் கரையும். இந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. கையிலிருந்து கைக்கு வந்தது.

பலகாரம் சுடுவது பாதி வேலைதான். மீதி வேலை தட்டு. தீபாவளி விடிய நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துச் சுடுதண்ணியில் குளித்து, மஞ்சள் தடவின புதுத்துணி போட்டதும் பிள்ளைகளின் கையில் தட்டைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு முறுக்கு, ஒரு அதிரசம், ஒரு வடை, மேலே ஒரு துணி. லயத்தில் எந்த வீட்டையும் விடக் கூடாது. சண்டைபோட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் தட்டு போகும், பிள்ளைதானே கொண்டு போகிறது! எத்தனையோ கோபம் அந்தத் தட்டோடு தீர்ந்திருக்கிறது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்கும் ஒரு டின் போகும். சித்திரை வருஷப் பிறப்புக்கு அந்த டின் கொக்கிசும் கவுமுமாகத் திரும்பி வரும்.

தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கமும் நம்மிடம் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி தேயிலைத் தூள்.

துக்க வீட்டுக் கதை வேறு. வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கிறதில்லை. அந்த வீட்டுக்குத் தட்டு கொண்டு போவது லயத்தின் பொறுப்பு. பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், பெரியவர்கள்தான் போவார்கள். போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். சட்டி வைக்காத அந்த வீட்டில்தான் சில நேரம் லயத்திலேயே அதிகப் பலகாரம் இருக்கும்.

1973, 74 பஞ்ச காலத்தைப் பற்றி நம்ம வயசாளிகளிடம் கேட்டுப் பாருங்கள். அரிசியும் இல்லை, மாவும் இல்லை. கீரையையும் கிழங்கையும் தேடித் திரிந்த காலம். அந்தத் தீபாவளிக்கு மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ தூவித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லும். 2022இல் மாவும் எண்ணெயும் கேசும் எட்டாத விலைக்குப் போனபோதும் நம்ம தோட்டத்தில் பல வீடுகள் ஒரே ஒரு பலகாரத்தோடு தீபாவளியை முடித்தன. ஆனாலும் தட்டு போனது. அதை நாங்களே கண்ணால் பார்த்தோம்.

அப்படியிருக்க, போன தீபாவளிக்கு மூன்றாம் நாள் மேல் டிவிசனில் ஒரு வீட்டுக்குப் போனோம். பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதம். சேமலாப நிதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போனது. அந்தத் தங்கச்சி சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘சேர், இந்தத் தீவாளிக்கு எங்க வீட்டுக்கு யாருமே தட்டுக் கொண்டாரல்ல’ என்றது. தாய் பிள்ளையை அதட்டியது. ‘அதெல்லாம் சொல்லக்கூடாது, உள்ள போ’ என்றது. நாங்கள் அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பிறகு அக்கம்பக்கத்தில் மெதுவாக விசாரித்தோம். கெட்ட மனசு யாருக்கும் இல்லை. ஒரு வீட்டில், ‘நாங்க இந்த வருஷம் சுடல்லீங்க, மகன் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி கொண்டாந்தான், அதுல பன்னிரண்டுதான் இருந்திச்சி’ என்றார்கள். இன்னொரு வீட்டில், ‘கடைப் பலகாரத்தைத் துக்க வீட்டுக்குக் கொண்டு போறது சரியில்லன்னு நெனச்சோம்’ என்றார்கள். மற்றவர்கள், யாராவது கொடுத்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

கொழும்புக் கடைகளிலும் கார்மெண்டிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் வாங்கி வருகிற பெட்டியைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு மணிக்கணக்கில் நின்று, நெரிசலில் அந்தப் பெட்டி நசுங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிற பிள்ளை அது. ஆனால் எண்ணி வாங்கின பெட்டியைப் பங்கிட மனசு யோசிக்கிறது. டின் நிறையச் சுட்டு வைத்தால் கை தானாகப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. லயத்தில் இருந்தபோது இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நாலு எட்டு. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று கேட்காமலே தெரியும். இப்போது ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போனவர்கள் இருக்கிறார்கள். அது நம்ம மக்கள் ரொம்பக் காலம் கேட்டது, நல்ல காரியம், எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் அந்த வீடுகளுக்குப் போக மேடு ஏற வேண்டும். அந்தத் தங்கச்சி வீடும் மேட்டு வீடுதான்.

கடனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. தீபாவளி முற்பணம் போனஸ் இல்லை, வரப்போகிற சம்பளத்தை முன்கூட்டியே வாங்குவது. பிறகு மாதா மாதம் செக்ரோலில் பிடிப்பார்கள். முற்பணம் கொடுக்கிற நாளில் துணி வியாபாரி, பாத்திர வியாபாரி எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அது போதாதென்று சிலர் கிழமைக் கடனும் எடுக்கிறார்கள். ஐந்து வகைப் பலகாரத்தைக் கடையில் வாங்கி தைப்பொங்கல் வரைக்கும் கடன் கட்டுவதை விட, இரண்டு வகையை வீட்டில் சுட்டாலே வீடு நிறையும் என்பது எங்கள் அபிப்பிராயம். மாவும் எண்ணெயும் நாலு வீடு சேர்ந்து மொத்தமாக வாங்கினால் செலவு இன்னும் குறையும். பழைய முறுக்கு உரல் முறை என்னவென்று நினைக்கிறீர்கள்? அதுவும் இந்தக் கூட்டுக் கணக்குத்தான்.

‘இப்பத்த பிள்ளைகளுக்குச் சுடத் தெரியாதுங்க’ என்று சில அம்மாமார் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்காரவிட்டால்தானே தெரியும்? அதிரசப் பாகு இதற்கு நல்ல உதாரணம். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ சர்க்கரை என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் பாகை ஒரு சொட்டுத் தண்ணியில் விட்டு, விரலால் உருட்டி, அது மெத்தென்ற உருண்டையாக வருகிறதா என்று பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. கொஞ்சம் முந்தினால் எண்ணெயில் பிரிந்துபோகும், கொஞ்சம் பிந்தினால் கல்லு. மா இடித்த ஈரத்தோடேயே பாகில் சேர வேண்டும். பிள்ளை அதைத் தன் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மகள்மார் மட்டுமில்லை, மகன்மாரும் உட்காரட்டும், முறுக்குப் பிழிய நல்ல கைப்பலம் வேண்டும்.

சூட்டுப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய்ச் சட்டியைத் தரையில் வைத்துச் சின்னப் பிள்ளைகளைச் சுற்றி ஓடவிட வேண்டாம். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் பற்பசை, தேயிலைத் தூள் ஒன்றும் பூசாமல், ஓடுகிற குளிர்ந்த தண்ணியில் இருபது நிமிஷம் பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

2014ஆம் ஆண்டுத் தீபாவளி ஒக்டோபர் 22ஆம் திகதி. ஒரு கிழமை கழித்து, 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தீபாவளி முறுக்கு அப்போதும் சில வீட்டு டின்களில் மிச்சம் இருந்திருக்கும். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்து மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. இப்படி ஆளையும் வீட்டையும் இழந்து, சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருக்கிற குடும்பங்களுக்கு அடுத்த தீபாவளி எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் சட்டி வைக்க மாட்டார்கள். வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள்.

அதனால் மாதர் சங்கத் தலைவியோடு பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நம்ம மூன்று டிவிசனிலும் இந்த வருஷத்துக்குள் சாவு விழுந்த வீடுகள் எவையென்று அந்தந்தப் பக்கத்துத் தாய்மாரே சொல்லுங்கள். எழுதி ஒட்டப் போவதில்லை, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொள்வோம். மேட்டு வீடுகளுக்கும், வயதாகித் தனியாக இருப்பவர்களுக்கும் அப்படியே. வாலிபர் சங்கத்துத் தம்பிமார் தூக்கிக்கொண்டு கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளை மடுவத்து அடுப்பைத் தீபாவளிக்கு முந்திய இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பாவிக்கலாம் என்று பெரிய துரையிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. விறகு அங்கே இருக்கிறது. முறுக்கு உரல் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், அச்சு தேய்ந்திருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். அதிரசம் சுடுகிறவர்கள் அரிசியை முதல் நாளே ஊறவைத்துக் கொண்டு வந்தால் இடித்துப் பாகில் போட்டு வைத்துவிடலாம், இரண்டு நாள் ஊறினால்தான் அது பதமாக வரும். மழை பெய்தாலும் நாங்கள் காலை எட்டு மணிக்கு அங்கே இருப்போம்.