பந்து இல்லாதவனின் ஆட்டம்

(கால்பந்து ஆடும் இளைஞர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



'விளையாட்டும் விடுதலையும்' அப்படின்னு பொதுவா ஏதாவது பேசுங்கன்னு தோழர்கள் கேட்டாங்க. பொதுவா பேச எனக்கு வராது. நான் சாயங்காலத்துல பசங்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக் கொடுக்கிறவன். அதனால ஆட்டத்தைப் பத்தியே பேசுறேன். அதிலும் ஒரே ஒரு விஷயம். காலில் பந்து இல்லாதபோது ஒருத்தன் என்ன செய்கிறான், அப்படிச் செய்கிறவனுக்குப் பந்து வருகிறதா இல்லையா என்பதுதான் அது.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆட்டம் 90 நிமிஷம். ஆடுகிறவர்கள் 22 பேர். பந்து ஒண்ணு. ஹாலந்து ஆட்டக்காரர் யோஹான் குரைஃப் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். ஒரு ஆட்டக்காரன் காலில் பந்து இருப்பது சராசரியா மூணு நிமிஷந்தானாம். மீதி 87 நிமிஷம் பந்து அவனிடம் இல்லை. ஆனா நாம பார்க்கிறது எதை? டி.வி. காட்டுறது எதை? பந்து போகிற பக்கமே கேமரா போகுது. நம்ம கண்ணும் அதுகூடவே போகுது. அந்த 87 நிமிஷத்து உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. படாததால் அது உழைப்பாகவே எண்ணப்படுவதில்லை.

ஒரு கோலைச் சொல்றேன். 2018 உலகக்கோப்பை, ஜூலை 2, ரஷ்யாவில் ரஸ்தோவ் நகரம். பெல்ஜியமும் ஜப்பானும் மோதுது. ஜப்பான் ரெண்டு கோல் முன்னால இருந்தது. பெல்ஜியம் ரெண்டையும் திருப்பி அடித்துச் சமன் செய்தது. 90 நிமிஷம் முடிஞ்சு கூடுதல் நேரத்தில் நாலாவது நிமிஷம் ஓடுது. ஜப்பானுக்குக் கார்னர். பெல்ஜியம் கோல்கீப்பர் கூர்த்துவா பந்தைப் பிடித்து உடனே டி புருய்னாவுக்கு உருட்டிவிட்டார். டி புருய்னா நடுமைதானத்தைத் தாண்டி ஓடி வர்றார். முன்னால் ஓடுவது லுக்காக்கு. அவர் வலது பக்கத்திலிருந்து நடுவை நோக்கிச் சாய்ந்து ஓடினார். அவரைத் தடுக்க வேண்டிய ஜப்பான் பேக்கும் கூடவே உள்ளே வந்தார். வலது ஓரம் காலியாச்சு. பின்னாலிருந்து மூனியே அந்தக் காலி இடத்துக்கு வந்தார். பந்து அவருக்குப் போச்சு. அவர் தரையோடு குறுக்கே அனுப்பினார். பந்து வந்த வழியில் மறுபடியும் லுக்காக்கு நிக்கிறார். அடிச்சா அவர் பேருக்கு ஒரு கோல். அடிக்கலை. காலுக்கு நடுவே பந்தைப் போகவிட்டார். அவருக்குப் பின்னால் ஆள் இல்லாமல் வந்த ஷத்லி தட்டினார். மூணுக்கு ரெண்டு. ஆட்டம் முடிஞ்சது.

கோல் யார் பேரில்? ஷத்லி. கோலுக்குப் பந்து கொடுத்தவர்? மூனியே. அந்த ஓட்டத்தில் லுக்காக்கு பந்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. முதலில் ஓடி ஓரத்தைத் திறந்தார், பிறகு விட்டுக் கொடுத்துக் கோலைத் திறந்தார். கணக்குப் புத்தகத்தில் அவருக்கு ஒண்ணுமில்லை. யார் இந்த லுக்காக்கு? காங்கோவிலிருந்து பெல்ஜியத்துக்கு வந்த கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை. பால் ஒரு வாரத்துக்கு வராதுன்னு அம்மா அதில் தண்ணி கலந்ததைப் பார்த்து வளர்ந்ததாக அவரே அந்த 2018-இல் எழுதினார். நான் நல்லா ஆடினா பத்திரிகையில் பெல்ஜியம் ஆட்டக்காரன், சரியா ஆடாவிட்டால் காங்கோ வம்சாவளி ஆட்டக்காரன் என்றும் எழுதியிருந்தார். பேர் எழுதுகிற இடத்தில் அரசியல் இருக்கு என்பதை அவர் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கே தெரியும்.

இந்த ஓட்டம் எப்படி வேலை செய்யுது? தடுக்கிறவனுக்கு ரெண்டு கடமை. பந்தையும் பார்க்கணும், ஆளையும் பார்க்கணும். ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா அவனுக்குச் சுலபம். நீ அவன் முதுகுப் பக்கமாகப் போனால் ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணை விட்டுடுவான். நீ ஓடும்போது அவன் உன்கூட வந்தா அவன் இருந்த இடம் காலி. வராவிட்டால் நீ காலி. ரெண்டில் எதுவானாலும் நம்ம பக்கம் லாபம். ஆனா நின்ன இடத்திலேயே கையைத் தூக்கி 'குடு, குடு'ன்னு கத்துகிறவனால் யாருக்கும் லாபமில்லை. அவனைத் தடுக்கிறவன் ஓய்வெடுத்துக்கிட்டு இருப்பான்.

எப்போது ஓடுவது என்பதும் முக்கியம். பந்து வைத்திருப்பவன் தலையைத் தூக்கும்போது ஓடணும். முந்தினால் ஆஃப்சைடு. பிந்தினால் தடுக்கிறவன் வந்துடுவான். முதலில் பந்தை நோக்கி ரெண்டு எட்டு வா. அவன் கூட வருவான். சட்டுன்னு திரும்பி அவன் பின்னால் போ. பந்து கொடுக்கிறவனுக்கும் கடமை உண்டு. ஓடுகிறவன் காலுக்குக் கொடுத்தா அவன் நின்னு திரும்பணும், ஓட்டம் செத்துப்போகும். அவன் போகிற வழியில், நாலு எட்டு முன்னால், அவன் வேகத்துக்குத் தக்கபடி விடணும். கொடுத்த பிறகு நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாது. அடுத்த நிமிஷம் நீயும் பந்து இல்லாதவன். உனக்கும் ஓட்டம் உண்டு.

இது ஏதோ இயற்கையா வந்த ஆட்டம்னு நினைச்சிடாதீங்க. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் முதல் விதிகளை எழுதியபோது, பந்துக்கு முன்னால் நிற்கிற கூட்டாளி ஆட்டத்திலேயே இல்லைன்னு எழுதினாங்க. அப்படியானால் முன்னால் ஓடுகிறவனுக்குப் பந்து கொடுக்கவே முடியாது. ஒருத்தன் தலையைக் குனிஞ்சு பந்தைக் கொண்டு போவான். மத்தவங்க பரிவாரம் மாதிரிப் பின்னால் வருவாங்க, அவனிடமிருந்து சிதறினால் எடுத்துக்க. பெரிய வீட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்களில் வளர்ந்த ஆட்டம் அது. தன் வீரத்தைத் தான் காட்டுகிற ஆட்டம். 1866-இல் விதியை மாத்தினாங்க. எதிரணியில் மூணு பேர் கோல் கோட்டுப் பக்கம் இருந்தால் முன்னால் நிற்கலாம். 1925-இல் மூணு ரெண்டாச்சு. இங்கிலாந்து முதல் டிவிஷனில் 1924-25 பருவத்தில் விழுந்த கோல் 1192. அடுத்த பருவத்தில் 1703. ஒரே வருஷத்தில் எல்லார் காலும் வலுவாயிடுச்சா? இல்லை. நிற்கக்கூடிய இடம் கூடிச்சு. விதி மாறினால் இடம் திறக்கும்.

அந்த இடத்தைப் பயன்படுத்திக் காட்டியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1872 நவம்பர் 30, கிளாஸ்கோ பக்கம் முதல் சர்வதேச ஆட்டம். ஸ்காட்லாந்தின் 11 பேரும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே குழுவிலிருந்து வந்தவர்கள். ஒருத்தருக்கொருத்தர் பந்து கொடுத்து ஆடிப் பழகியவர்கள். உடம்பில் பெரிய இங்கிலாந்து அணி தனித்தனியே பந்தைக் கொண்டு ஓடிப் பார்த்தது. கோல் இல்லாமல் முடிந்தது. 1881 மார்ச் 12 அன்று லண்டனுக்கே போய் ஆறுக்கு ஒண்ணு என்று ஸ்காட்லாந்து ஜெயித்தது. அன்றைக்கு ஸ்காட்லாந்தின் கேப்டன் யார் தெரியுமா? ஆன்ட்ரூ வாட்சன். தென்னமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் 1856-இல் பிறந்தவர். அப்பா வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி. அம்மா ஹன்னா ரோஸ், கறுப்பினப் பெண். வாட்சன் ஏழையல்ல, அப்பா சொத்து இருந்தது, நல்ல பள்ளிக்கூடம் படித்தவர். ஆனாலும் முதல் கறுப்பின சர்வதேச ஆட்டக்காரர் என்ற வரலாறு நூறு வருஷத்துக்கு மேல் அவர் பேரில் எழுதப்படவில்லை. பந்து கொடுத்து ஆடுகிற ஆட்டத்தை வளர்த்த அணியின் தலைவனையே மறந்துட்டாங்க.

அடுத்தது தொழிலாளர்கள். 1883 மார்ச் 31, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள், சீமான் வீட்டு வாரிசுகள். இன்னொரு பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். நெசவாளிகள், நூற்பாலைத் தொழிலாளி, இரும்பு வார்ப்பட ஆலைத் தொழிலாளி, பிளம்பர். இந்தத் தொழிலாளர் அணி பந்தை ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு நீளமாக மாத்தி மாத்தி அனுப்பிச்சு. எதிரணியில் ஒருத்தர் அடிபட்டு வெளியே போனதும் உண்மை. ஓடி ஓடிக் களைத்த ஈட்டன்காரர்களைக் கூடுதல் நேரத்தில் ரெண்டுக்கு ஒண்ணு என்று தோற்கடித்தார்கள். நெசவாளி யேட்ஸ் கொடுக்க, நூற்பாலைத் தொழிலாளி காஸ்ட்லி அடித்த கோல். அதன்பின் அமெச்சூர் அணி எதுவும் அந்தக் கோப்பையை ஜெயிக்கவில்லை.

அமெச்சூர் என்ற வார்த்தையையும் கொஞ்சம் பாருங்க. காசு வாங்காமல் ஆடுவது பெருமை என்று அன்றைக்குச் சொன்னவர்கள் சோத்துக்குக் கவலை இல்லாதவர்கள். அரை நாள் கூலியை விட்டுட்டு ஆட வருகிற நெசவாளியால் அதைச் சொல்ல முடியாது. அவன் காசு கேட்டான். கௌரவம் போச்சுன்னு கத்தினாங்க. 1885-இல் காசு வாங்கி ஆடுவதைச் சங்கம் ஒத்துக்க வேண்டி வந்தது. குவீன்ஸ் பார்க் 2019 வரைக்கும் அமெச்சூராகவே நின்றது. இன்றைக்கு இங்கே அமெச்சூர் யார்? மூட்டை தூக்கிட்டு, பெயின்ட் அடிச்சுட்டு, சாயங்காலம் மைதானத்துக்கு வர்ற நீங்கதான்.

இதுவரை நான் சொன்னதை வைத்து ஒருத்தர் எழுந்து கேட்கலாம். 'பந்து இல்லாமல் ஓடு, அடுத்தவனுக்கு இடம் திற, பேரை எதிர்பார்க்காதேன்னு சொல்றீங்களே. நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா அதைத்தானே செஞ்சாங்க? உழுதவன் ஒருத்தன், களத்து நெல் இன்னொருத்தனுக்கு.' நியாயமான கேள்வி. எப்போதும் ஓடுகிறவன் ஒருத்தன், எப்போதும் வாங்குகிறவன் இன்னொருத்தன் என்று இடங்கள் நிலைச்சுப் போனால் அது கூட்டு ஆட்டம் இல்லை. பிறந்த இடத்திலேயே நில் என்பதுதான் அது. அம்பேத்கரைப் படிச்சவங்களுக்கு அதன் பேர் தெரியும்.

அதனால்தான் 1974-இல் ரைனஸ் மிக்கல்ஸ் பயிற்சி கொடுத்த ஹாலந்து அணியைப் பார்க்கணும்னு சொல்றேன். அந்த அணியில் பேக் முன்னால் போவான், அவன் இடத்துக்கு நடு ஆட்டக்காரன் இறங்குவான். மியூனிக் இறுதி ஆட்டத்தில் முதல் பந்தை ஹாலந்து தட்டியது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. அணியின் பெரிய ஃபார்வர்டு குரைஃப் எல்லாருக்கும் பின்னால் இறங்கி நின்று பந்தை வாங்கினார். அங்கிருந்து ஓடினார், கீழே தள்ளப்பட்டார், பெனால்டி. நேஸ்கென்ஸ் அடித்தார். ஜெர்மன்காரர்கள் அதுவரை பந்தைத் தொடவே இல்லை. கடைசியில் ஹாலந்து ரெண்டுக்கு ஒண்ணு என்று தோற்றது, அதையும் சொல்லணும். ஆனா பேர்பெற்றவன் கீழே இறங்குவதும், பின்னால் நின்றவன் முன்னால் போவதும் ஒரே ஆட்டத்தில் நடக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். இந்தத் தடவை உனக்காக நான் ஓடுறேன், அடுத்த தடவை எனக்காக நீ ஓடு. இந்த முறை மாறி வந்தால்தான் ஓட்டத்துக்கு மரியாதை.

இப்போது நம்ம மைதானத்துக்கு வருவோம். பல ஊர் ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். கலந்து ஆடுகிற ஒரு பள்ளிக்கூட அணியில் சேரிப் பையன் ஒருத்தன் வலது பேக். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் மைதானம் முழுக்க ஓடுவான். ஆள் இல்லாமல் நிற்பான். பந்து வராது. பந்து மூணு நாலு பேருக்குள்ளேயே சுத்தும். யாரும் அவனுக்குத் தரமாட்டேன்னு வாய் திறந்து சொல்றதில்லை. கேட்டால் 'சார், அவனைப் பார்க்கலை' என்பார்கள். பொய்னு சொல்ல முடியாது, நிஜமாவே பார்த்திருக்க மாட்டாங்க. சில பேரைப் பார்க்காமலே வளர்ந்த கண் அது. பத்துத் தடவை ஓடியும் பந்து வராதவன் பதினோராவது தடவை ஓடமாட்டான். அப்புறம் எல்லாரும் சொல்லுவாங்க, 'அவன் சோம்பேறி சார், ஏறி வரமாட்டான்.'

வெளியே விரலை நீட்டினால் போதாது. நமக்குள்ளே எப்படி? நம்ம தெரு அணியிலேயே நல்லா அடிக்கிற அண்ணனுக்கு மட்டுமே பந்து போகுது. புதுசா வந்த சின்னப் பையன் ஓடிக்கிட்டே இருக்கான். தங்கச்சிங்க கலந்து ஆடினா அவங்க பக்கம் பந்து திரும்புறதே இல்லை. 'தவற விட்ருவா'ன்னு காரணம். கொடுக்காமலே இருந்தா பிடிக்க எப்படிக் கத்துக்குவா? பந்து கொடுப்பது என்றால் நீ இருக்கிறாய், உன்னைப் பார்த்தேன், உன்னை நம்புறேன் என்று மூணையும் வாயால் சொல்லாமல் சொல்வது. அதை யாருக்குச் சொல்றோம், யாருக்குச் சொல்லாமல் விடுறோம் என்பதில்தான் நாம எப்படிப்பட்ட அணின்னு தெரியும்.

நாளைக்குக் காலை ஆறு மணிக்கு ஆட்டம் வைக்கிறோம். ரெண்டு விதிதான். அணியில் எல்லார் காலும் பட்டு வந்த கோல்தான் கணக்கு. ஒருத்தர் ரெண்டு தட்டுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. ஆடாதவங்க கோட்டுக்கு வெளியே ஒரு நோட்டோடு உட்காருங்க. கோல் எழுத வேண்டாம். யார் ஆள் இல்லாத இடத்துக்கு ஓடினார், அவருக்குப் பந்து வந்ததா, வரவில்லையா, அதை மட்டும் பேர் போட்டு எழுதுங்க. ஆட்டம் முடிஞ்சதும் அதை எல்லார் முன்னாலும் படிப்போம். வராத பந்துக்கு யார் பதில் சொல்லணுமோ அவங்க சொல்லட்டும்.