மலாயா கணபதிக்காக எழுந்த குரல்கள்

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு பேராக்கில் அவசரகாலம் தொடங்கிய கதை பலருக்கும் தெரியும். அதற்குச் சில நாள்களுக்கு முன்பே அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குப் பதிவு மறுக்கப்பட்டிருந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

இரண்டு விதிகளே அதற்குப் போதுமாக இருந்தன. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள்தாம் கூட்டமைப்பாகச் சேரலாம். சங்கப் பொறுப்பாளர் அந்தத் தொழிலில் 3 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். பால்வெட்டுக்காரரும் கிந்தாவின் ஈயச்சுரங்கத் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் ஓரணியில் நிற்க வழியில்லாமல் போயிற்று.

அந்தச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1949 மார்ச் 1 அன்று ரவாங் அருகே கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். கண்டெடுத்த துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்று அவசரகால விதிமுறை சொன்னது. மார்ச் 15 அன்று தீர்ப்பு வந்தது.

குரல்கள் எழாமல் இல்லை. நேருவின் அரசு லண்டனிடம் பேசியது. அங்கே தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் முயன்று பார்த்தார். மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தவர் ஜான் திவி. கோலகங்சாரில் பிறந்தவர், மலாயா இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) முதல் தலைவர், பேராக் மண்ணின் பிள்ளை. அவரும் கருணை கேட்டார். சிலாங்கூர் சுல்தானிடம் போன மனு தள்ளுபடியானது. மே 4 அன்று புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதையொட்டிய நாள்களிலேயே சம்மேளனத்தின் இன்னொரு தலைவரான வீரசேனனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அப்போது பிரிட்டனை ஆண்டது தொழிற்கட்சி. காலனி அமைச்சர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். சங்கத்தில் வளர்ந்தவர்களின் ஆட்சியில்தான் ஒரு சங்கத் தலைவரின் கழுத்தில் கயிறு விழுந்தது. உலகத் தொழிலாளர் இயக்கமும் அந்த நேரம் பார்த்துப் பிளந்துகிடந்தது: 1949 ஜனவரியில் பிரிட்டிஷ், அமெரிக்கச் சங்கங்கள் உலகத் தொழிற்சங்க சம்மேளனத்தை விட்டு வெளியேறியிருந்தன. கணபதியை முதலில் தொழிலாளியாகப் பார்க்காமல், கம்யூனிஸ்டா இல்லையா என்று பார்த்த காலம் அது.

கைதுக்கும் தூக்குக்கும் இடையே இருந்தவை ஒன்பது வாரங்களே. தந்திகளுக்கு அந்தக் காலம் போதும், வழக்குக்குப் போதாது.

ஜொகூரில் அதே அவசரகால விதிமுறையின்கீழ் பிடிபட்ட சாம்பசிவம் என்பவரின் வழக்கு வேறு வழியில் போனது. 1948 செப்டம்பரில் கைதானவர். துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டா வழக்கில் முதல் விசாரணையிலேயே விடுதலை கிடைத்துவிட்டது. மறுவிசாரணையில் துப்பாக்கிக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்காகவும் இந்தியத் தரப்பு பேசியது. வழக்கு, மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. துப்பாக்கியும் தோட்டாவும் இரண்டுமே தன்னிடம் இருந்ததாகச் சொல்லும் வாக்குமூலத்தை வைத்துத் தண்டித்தார்களே, அவற்றில் ஒன்றில் அவர் நிரபராதி என்று முன்பே முடிவாகிவிட்டதே என்று நீதிபதிகள் கேட்டார்கள். 1950-இல் தண்டனை ரத்தானது. ஒரு குற்றச்சாட்டில் கிடைத்த விடுதலை பின்னால் வரும் விசாரணைகளையும் கட்டுப்படுத்தும் என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுகின்றன.

இத்தகைய வழக்குகளில் கண்டனத் தீர்மானம் வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தண்டனையை நிறுத்திவைக்கும் ஆணை, நல்ல வழக்கறிஞர், மேல்முறையீட்டுச் செலவு ஆகியவை அடுத்த வாரமே வந்துசேர வேண்டும். சங்க நிதியில் இதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைத்தால்தான் அது நடக்கும்.

பேராக்கில் ஈப்போவைச் சுற்றிய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிறையப் பேர். ஒரு காலத்தில் கடல்கடந்து இங்கே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இப்போது கடல்கடந்து வந்திருப்பவர்களுக்குச் சங்கத்தின் கதவைத் திறந்துவிட வேண்டிய இடத்தில் இருக்கிறார்கள். கூட்டுப்பேர உரிமை பற்றிய, உலகத் தொழிலாளர் அமைப்பின் 98-ஆவது உடன்படிக்கையை அன்றைய மலாயா 1961-இல் ஏற்றது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87-ஆவதை மலேசியா இன்னும் ஏற்கவில்லை. அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்கும் வேலை பேராக்கின் சங்கங்களுக்கும் இருக்கிறது.